சவரிமுத்துவின் விசிலும் என் வாயில் வைத்த தகடும்

டாக்டர், என்னைப் பைத்தியம் என்று எழுதியவர் நீங்கள். வேறு யாரும் இல்லை. பதினெட்டாம் படுக்கையின் சீட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. "வாயில் நோய் எதுவும் இல்லை. மனக்கோளாறு. ஷண்டிங் வேலைக்குத் தகுதி இல்லை." இங்கிலீஷில் எழுதினீர்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் என் கண் முன்னாலேயே எழுதினீர்கள். தெரியாதுதான். வார்டைவிட்டு வரும்போது கொடுத்த நகலைத் தொழிற்சங்க ஆபீசில் படித்துச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியின் பெயரையும் உங்கள் பெயரையும் போடக் கூடாது என்று இந்தச் சங்கப் பத்திரிகையை நடத்துகிறவர் சொல்லிவிட்டார். போடவில்லை. நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் பாதிப் பேருக்கும் தெரியும்.

என் பெயர் அருளப்பன். ராயபுரத்துக்காரன். துறைமுக யார்டில் பதினாறு வருடமாக ஷண்டர். கப்பலுக்குப் போகிற, கப்பலிலிருந்து வருகிற வேகன்களைப் பிரித்து, சேர்த்து, எந்தப் பாதைக்கு எது என்று தள்ளிவிடுகிற வேலை. ஒரு கையில் கொடி. மறு கையில், வேகன்களை இணைக்கிற கப்ளிங் சங்கிலியைத் தூக்குகிற கழி. அப்படியானால் விசிலை எதில் பிடிப்பது? பல்லில்தான். விசிலைக் கையில் பிடித்து ஊதுகிறவன் போலீஸ்காரன். ஷண்டர் எட்டு மணி நேரமும் கடித்துக்கொண்டே இருப்பான். எங்கள் யார்டில் ஒரு நீளம் என்றால் முன்னால் போ. இரண்டு நீளம் என்றால் பின்னால் வா. மூன்று குட்டை என்றால் நில். எஞ்சின் டிரைவருக்கு எங்கள் முகம் தெரியாது, அந்தச் சத்தம்தான் தெரியும். முன்பல் இல்லாதவன் ஷண்டர் இல்லை. இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

நான் வைத்திருந்த விசில் என்னுடையது இல்லை. சவரிமுத்துவுடையது. என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு மூன்றாம் பாதையில் இரண்டு வேகன்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டான். வேகனின் முனையில் இடி தாங்குவதற்காக வட்டமாக இரும்புத் தட்டு இருக்குமே, அந்தத் தட்டுகளுக்கு நடுவே. மூன்று குட்டை ஊதினான். எனக்குக் கேட்டது. பக்கத்தில் கப்பலிலிருந்து இரும்புத் தகடு இறக்கிக்கொண்டிருந்தார்கள், டிரைவருக்குக் கேட்கவில்லை. நாங்கள் வேகனை நகர்த்தி அவனை எடுத்தபோது விசில் பல்லிலேயே இருந்தது. தாடையைப் பிரித்து எடுத்தவன் நான்.

நல்ல விசில் அது. வெள்ளையாகப் பளபளக்கும். எனக்கு வேலையில் கொடுத்திருந்தது தகர விசில், சத்தம் ஓட்டை. அவன் பெண்டாட்டி ஊரைவிட்டுப் போய்விட்டாள், திருப்பிக் கொடுக்க ஆளில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். அவள் எண்ணூரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். நான் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். விசிலின் வாயில் அவன் கடித்துக் கடித்து மேலே இரண்டு பள்ளம், கீழே ஒரு பள்ளம். முதல் நாள் கடித்தபோதே என் பல் அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்தது. உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்தது. பிறகு பழகிவிட்டது.

அதைச் சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் தொங்கவிட்டிருப்பேன். ஓய்வு நேரத்தில் வேர்வையில் மார்போடு ஒட்டிக் கிடக்கும். அந்த இடத்தில் கோடை வந்தால் சிவந்து அரிக்கும். வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டேன்.

போன வருடம் ஒரு கப்ளிங் சங்கிலி கொக்கியிலிருந்து நழுவி என் முகத்தில் அடித்தது. மேல் வரிசையில் முன்பல் நான்கும் போயின. உங்கள் ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் மெழுகு போன்ற ஒன்றை வெந்நீரில் இளக்கி என் வாய்க்குள் அழுத்தி அச்சு எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துத் தகடு வந்தது. மேலண்ணத்தை மூடுகிற மாதிரி வெள்ளை உலோகத்தில் மெல்லிய தகடு, அதன் முன்னால் நான்கு பல், இரண்டு பக்கமும் பல்லைப் பிடித்துக்கொள்ளக் கொக்கி. "கழற்றக் கூடாது. வாய் பழகணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். யார்டுக்குப் போய் விசிலைக் கடித்து ஊதிக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் எரிச்சல் தொடங்கியது.

எப்படி எரிந்தது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மிளகாய் எரிச்சல் இல்லை. அதற்குத் தண்ணீர் குடிக்கலாம். பச்சைக் கருணைக்கிழங்கை மென்ற நாக்கைப் பேட்டரியின் முனையில் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. காலையில் எழும்போது லேசாக இருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். மூன்று மணிக்கு உச்சம். வாய் முழுக்க இரும்பு வாசனை. அந்த வாசனை எனக்குத் தெரிந்த வாசனை. சவரிமுத்துவைத் தூக்கிய அன்று என் கையில் இருந்தது அதுதான்.

மூன்று மணி என்பதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டேன். தினமும் அதே நேரம்தான்.

புறநோயாளிகள் பெஞ்சில் எத்தனை காலை உட்கார்ந்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. நாக்கு நீலமாகும்படி மருந்து தடவினார்கள். வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். வெற்றிலையை நிறுத்து, சாராயத்தை நிறுத்து, காரத்தை நிறுத்து என்றார்கள். மூன்றையும் நிறுத்தினேன். எரிச்சல் நிற்கவில்லை. உதடு வெடித்தது. சோறு இறங்கவில்லை. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. வேலைக்குப் போகாமல் விசிலைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் போட்டேன். அதற்கு இரண்டு மாதம் கழித்து என்னை வார்டில் சேர்த்தார்கள்.

ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இருக்கிறதா என்று. இல்லை. பெண் சகவாச நோய் இருக்கிறதா என்று இன்னொரு குப்பி எடுத்தார்கள். அதை எடுக்கும்போது என் மனைவி பிலோமினாவை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவள் அசையவில்லை. "நானும் கேட்டுக்கினே போறேன். இவன் யோக்கியத எனக்கும் தெரியணும் இல்ல" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டார். அதுவும் இல்லை. கன்னத்தின் உள்பக்கம் ஒரு பொட்டுச் சதையை வெட்டி எடுத்து அனுப்பினார்கள். புற்றுநோயா என்று பார்ப்பதற்கு. அந்த முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் பிலோமினா காலைப் பூசைக்குப் போய்விட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அதுவும் இல்லை என்று வந்தது.

இத்தனை சோதனையிலும் ஒருவர்கூட, டாக்டர், ஒருவர்கூட அந்தத் தகட்டைக் கழற்றச் சொல்லவில்லை. நானும் கழற்றவில்லை. சாப்பிட்டுக் கழுவுவதற்கு எடுப்பேன், உடனே போட்டுவிடுவேன். வாய் பழகாவிட்டால் விசில் இல்லை, விசில் இல்லாவிட்டால் வேலை இல்லை.

பிலோமினா தினமும் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஐஸ் கேட்டு வாங்கி, உமியில் புதைத்து, சாக்கில் சுற்றி எடுத்து வருவாள். பஸ்ஸில் அவள் பாவாடையெல்லாம் நனைந்திருக்கும். கல்லால் உடைத்து ஒவ்வொரு சில்லாக என் நாக்கில் வைப்பாள். "கவிச்சி அடிக்குதா யா?" என்பாள். அடித்தது. அடிக்கவில்லை என்பேன். அந்த ஒரு சில்லு கரைகிற வரைக்கும்தான் எனக்கு அன்றைய நாள் இருந்தது.

எங்கள் வார்டின் மேற்குச் சன்னலுக்கு வெளியே ரயில் பாதை. துறைமுகத்துக்குப் போகிற வேகன்கள் அந்த வழியாகத்தான் போகும். தூரத்து யார்டின் விசில் காற்றடிக்கிற பக்கத்தைப் பொறுத்துக் கேட்கும். எது யாருடைய விசில் என்று எனக்குத் தெரியும். மூன்று மணிக்கு எரிச்சல் ஏறும்போது அந்த விசில்களை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். ஒரு நாள் எண்ணியதில் ஒன்று அதிகம் இருந்தது. எனக்குத் தெரிந்த யாருடையதும் இல்லை. இல்லை, தெரிந்தவனுடையதுதான். அதை ஊதுகிறவன் இப்போது இல்லை.

எரிச்சலில் காது ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன்.

வார்டில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். உடம்பு துடைத்துவிட வந்த வார்டு சிப்பந்தி மாணிக்கம் என் சட்டையைத் திறந்தவர் அப்படியே நின்றார். என் மார்பில் ஒரு சிவப்புத் தடம். இந்தப் பக்கம் உருண்டை, அந்தப் பக்கம் நீட்டு. விசில் அளவு, விசில் உருவம். விசில் இரண்டு மாதத்துக்கு மேலாக வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. என் மார்பில் எதுவும் படவில்லை.

"இன்னாயா இது, பச்ச குத்துன மாதிரி கீது?" என்றார் மாணிக்கம்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. சவரிமுத்துவின் கதையைச் சொன்னேன். மூன்று மணியையும் சொன்னேன். மாணிக்கம் கேட்டுவிட்டு ஈரத்துணியை வாளியில் போட்டார். "அவன் பொருள அவன் கேக்குறான். உன் வாயாண்ட வந்து குந்திகினு கேக்குறான்" என்றார். சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர் வரிசையில் இருந்தவர் என் பக்கம் தலை வைத்துப் படுப்பதை மாற்றிக்கொண்டார்.

மறுநாள் மதியம் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தேன். யாரோ காலைத் தட்டி எழுப்பினார்கள். பக்கத்துப் படுக்கை காதர் பாய். வண்ணாரப்பேட்டையில் முலாம் பட்டறையில் வேலை செய்கிறவர். இரண்டு கையிலும் கட்டுப் போட்டு அவரும் சில நாளாக வார்டில் இருந்தார்.

"இன்னா நைனா, தூக்கத்துல விசில் அடிச்சிகினு கீற?"

"யாரு?"

"நீதான். குட்டி குட்டியா மூணு தபா. அப்பால கொஞ்சம் கேப்பு வுட்டு இன்னொரு மூணு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். தாடை வலித்தது. பல்லுக்கு நடுவே ஒன்றும் இல்லை, ஆனால் எதையோ நெடுநேரம் கடித்திருந்த வலி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று தாண்டி ஐந்து நிமிடம்.

அடுத்த நாள் காலை நீங்கள் வந்தீர்கள், டாக்டர். பின்னால் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். மாணிக்கம் உங்களிடம் சொல்லியிருந்தார். "என்னப்பா, பேய் விசில் அடிக்குதாமே?" என்றீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் மார்பைக் காட்டினேன். "நகத்தால கீறிக்கிட்டியா?" என்றீர்கள். அப்படியே சீட்டில் எழுதினீர்கள். நான் முதலில் சொன்ன அந்த வரி அன்றைக்கு எழுதியது. என் படுக்கை அருகே நீங்கள் நின்ற நேரம், காதர் பாய் ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட இல்லை என்று அவரே சொன்னார்.

கீழ்ப்பாக்கத்துக்கு எழுதிவிடுவார்கள் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். கீழ்ப்பாக்கம் என்றால் சென்னையில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். பிலோமினா காதிலும் விழுந்தது. அன்றைக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவள் கல்லைக் கீழே வைத்தாள்.

"அவன் பொருள ஏன் யா எடுத்த?" என்றாள். அதுவரைக்கும் அவள் அதைக் கேட்டதே இல்லை.

இப்போது நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். உங்கள் தப்பை மட்டும் எழுதி எங்கள் தப்பை மறைக்க நான் விரும்பவில்லை.

பிலோமினா டிரங்குப் பெட்டியிலிருந்து விசிலை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரிடம் மந்திரிக்கக் கொடுக்கிற ஜெபமாலை, சின்னச் சாமி சிலைகளுக்கு அடியில் அதையும் ஒளித்து வைத்தாள். சாமியார் பார்க்காமலே மொத்தத்துக்கும் தீர்த்தம் தெளித்தார். மந்திரித்த பொருள் உடம்பில் இருந்தால் எதுவும் அண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஜெபமாலையோடு சேர்த்து விசிலை என் கழுத்தில் கட்டினாள். "இப்ப இது சாமி பொருள். அவன் வந்து கேட்டா குடுத்துரு. கேக்கலன்னா உன்னைக் காப்பாத்தும்" என்றாள். இரண்டுக்கும் வழி செய்துவிட்ட திருப்தி அவளுக்கு.

மூன்று நாள். மார்பில் சிவப்பு கொப்புளமாகியது. கொப்புளம் உடைந்து நீர் வடிந்து சட்டை ஒட்டிக்கொண்டது. வாயில் எரிச்சல் இரண்டு மடங்கு. நாக்கைத் தூக்க முடியவில்லை. ஐஸ் வைத்தாலும் எரிந்தது. மூன்றாம் நாள் மூன்று மணிக்கு நான் அவனோடு பேசினேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை, எழுதுகிறேன். "சவரி, எடுத்துக்க. நீ ஊதுனது எனக்குக் கேட்டுச்சு. நான் ஓடி வந்தேன்டா. எட்டல. எடுத்துக்கினு போயிடு" என்றேன். சன்னலுக்கு வெளியே வெயிலில் தண்டவாளம் மினுங்கிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. என் கழுத்துச் சங்கிலியை யாரோ விரலால் மெல்ல இழுக்கிற மாதிரி இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது காதர் பாய்தான் கட்டுப் போட்ட கையால் சங்கிலியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரு கட்டுனது? கயட்டு மொதல்ல" என்றார்.

"வேணாம் பாய். மந்திரிச்சது."

"மந்திரிச்சாலும் நிக்கல் நிக்கல்தான், மாமு. நாங்க தொட்டில முக்கி எடுக்குற வெள்ள இது. சைக்கிள் ஹேண்டில் பாருக்குப் பூசுறோமே அதே முலாம்." பல்லால் தன் கைக் கட்டின் முடிச்சை இழுத்து அவிழ்த்தார். மணிக்கட்டு வரைக்கும் சிவந்து, கொப்புளம் உடைந்து, நீர் வடிந்த தோல். என் மார்பும் அவர் கையும் ஒரே மாதிரி இருந்தன. "எங்க பட்டறைல தொட்டியாண்ட நிக்கறவனுக்கு முக்காவாசிப் பேருக்கு இது வரும். நிக்கல் அரிப்புன்னே பேரு. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பேஜாரு புடிச்ச தொழிலு, அவ்ளோதான்."

"விசில் இல்லாத அப்பவே தடம் வந்துச்சே, அதுக்கு இன்னா சொல்ற?"

அவருக்கு அது தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். டாக்டர், அந்த இடத்தில் அவர் உங்களைவிடப் பெரிய மனிதர். என் வெடித்த உதட்டைப் பார்த்துவிட்டு, "வாயத் தொற" என்றார். திறந்தேன். குனிந்து பார்த்தார். பட்டறைக்காரர் சரக்கைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அந்தத் தகட்ட எவன் வெச்சான்?"

"இங்கதான்."

"பொத்திகினு இரு. வியாழக்கெழம தோல் டாக்டரம்மா என்னப் பாக்க வரும். என் முறைய உனக்குத் தரேன்."

அந்த டாக்டரம்மா சின்ன வயசு. என் சீட்டில் நீங்கள் எழுதியதைப் படித்து மடித்து வைத்தார். பையிலிருந்து இரண்டு சின்னக் குப்பிகள் எடுத்தார். பஞ்சில் ஒவ்வொரு சொட்டு விட்டு விசில்மேல் தேய்த்தார். வெள்ளைப் பஞ்சு ரோஜா நிறமாக மாறியது. "நிக்கல் இருந்தா இந்த நிறம் வரும்" என்றார். பிறகு என் வாயிலிருந்து தகட்டைக் கழற்றச் சொல்லி, துடைத்து, புதுப் பஞ்சில் சொட்டு விட்டு அதன் மேலும் தேய்த்தார். அதே ரோஜா நிறம். இரண்டு பஞ்சையும் பக்கம் பக்கமாக வைத்தார். எது எதனுடையது என்று சொல்ல முடியவில்லை.

நான் பார்த்த பயங்கரங்களில் அந்த இரண்டு பஞ்சுகள்தான் பெரியவை. பேயைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பிறகு முதுகில் நான்கு இடத்தில் நான்கு மருந்து வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார். இரண்டு நாள் குளிக்கக் கூடாது. எந்தப் பொருள் நம் உடம்புக்கு ஆகாது என்று கண்டுபிடிக்கிற சோதனை அது. பிரித்தபோது மூன்று இடம் சுத்தமாக இருந்தது. நிக்கல் உப்பு வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்துக் கொப்புளம் கட்டியிருந்தது.

"இதுக்கு ஒவ்வாமைன்னு பேரு" என்றார் டாக்டரம்மா. "எல்லாருக்கும் வராது. வேர்வையில நனைஞ்ச விசில் நாலு வருஷம் தோல்ல ஒட்டிக் கிடந்திருக்கு. உங்க உடம்பு அந்த நிக்கலை எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. அப்புறம் அதே நிக்கலைத் தகடாப் பண்ணி வாயில வெச்சிருக்காங்க. எச்சில்ல கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு உள்ள போயிருக்கு."

"மார்ல தடம் எப்படிம்மா வந்துச்சு? விசில் வூட்ல இருந்துச்சு."

"மொதல்ல அரிச்ச இடத்தைத் தோல் மறக்காது. வாய் வழியாப் போனாலும் பழைய இடத்துல திரும்ப எழும்பும்."

மூன்று மணியைக் கேட்டேன். வாய் எரிச்சல் பலருக்கும் காலையில் குறைவாக இருந்து பொழுது போகப் போக ஏறும் என்றார். விசில் சத்தத்தைக் கேட்டேன். தகடு சரியாகப் பொருந்தவில்லை, தூங்கும்போது தாடையை இறுக்குகிறேன், சந்தில் மூச்சு புகுந்து விசில் அடிக்கிறது என்றார். ஏன் மூன்று குட்டை என்று கேட்டேன். "பதினாறு வருஷப் பழக்கம்" என்றார். இருக்கலாம்.

தகட்டை ஒரு உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். வாயை வெறுமையாக வைத்திருக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் மூன்று மணி வந்தது, கடந்தது, நான் கவனிக்கவில்லை. பத்தாம் நாள் ரசம் சோறு சாப்பிட்டேன். பிலோமினா நான் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இனி ஐசு செமக்க வேணாம் சாமி. என் பாவாடையாவது காயும்" என்றாள்.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். நான் வார்டைவிட்டு வருவதற்கு முதல் நாள் யார்டில் வேலைநிறுத்தம். ஒரு எஞ்சின்கூட ஓடவில்லை. மதியம் நானும் காதர் பாயும் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தோம். என் வாயில் தகடு இல்லை. ரயில் பாதைப் பக்கமிருந்து மூன்று குட்டை வந்தது. காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "எனக்குக் கேக்கல" என்றார். "எனக்கும் கேக்கல" என்றேன்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் எண்ணூருக்குப் போய் சவரிமுத்துவின் மனைவியிடம் விசிலைக் கொடுத்தேன். அவள் அதைப் பிரட்டிப் பார்த்து, கடித்த பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவினாள். "உன்னாண்ட கீதுன்னு தெரியும், அண்ணே. கேட்டா நீ கூச்சப்படுவேன்னு கேக்கல" என்றாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எரியவில்லை.

சரி, டாக்டர். இப்போது நம் கதை.

தோல் டாக்டரம்மாவின் சீட்டோடு நான் உங்கள் அறைக்கு வந்தேன். படித்தீர்கள். முதல் முறையாக என்னை உட்காரச் சொன்னீர்கள். "பிளாஸ்டிக்ல வேற செட்டு போட்டுத் தரச் சொல்றேன். வேலைக்குத் தகுதின்னு புதுச் சீட்டு தரேன். பழசு பைல்லயே கிடக்கட்டும், யார் பாக்கப் போறா. இந்தத் தகடு விஷயத்தை மட்டும் வெளியில பேசிக்கிட்டுத் திரியாத" என்றீர்கள். தகட்டில் என்ன உலோகம் என்று கேட்டேன். "அது கான்ட்ராக்டர் சமாச்சாரம், உனக்கு எதுக்கு?" என்றீர்கள்.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையாகவே யோசித்தேன். பல் வரும், விசில் வரும், பழைய வேலை வரும். பிலோமினாவும் சொன்னாள்: "வாங்கிக்கினு வா யா. உனக்கு இன்னாத்துக்கு ஊர் வம்பு?" மறுநாள் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அந்தச் சாயங்காலம் யார்டு வாசல் டீக்கடையில் கோபாலைப் பார்த்தேன். கோபால் பாயிண்ட்ஸ்மேன், பாதை மாற்றிவிடுகிறவர். அவருக்கும் யார்டு விபத்தில்தான் முன்பல் போனது. அவருக்கும் உங்கள் ஆஸ்பத்திரியில்தான் தகடு. டீயை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு அது ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினார். உதட்டோரம் வெடித்திருந்தது.

"எத்தினி நாளா?" என்றேன்.

"இன்னாது?"

"எரிச்சலு."

சுற்றிப் பார்த்தார். "மெல்லமா பேசு நைனா. ஆறு மாசமா."

"ஆஸ்பத்திரில சொல்லலியா?"

"நீ சொன்னியே, உனக்கு இன்னா எழுதுனாங்க?" என்றார். "எனக்கு மூணு பொண்ணு. அப்பன் பைத்தியம்னு எழுதிட்டா எவன் வருவான் கட்ட? எரிஞ்சிட்டுப் போவட்டும்."

அவர் டீக்கும் நானே காசு கொடுத்தேன். பிறகு விசாரித்தேன். அந்தத் தகடு வைத்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்து இன்னும் ஆறு பேர். இரண்டு பேருக்கு ஒன்றும் இல்லை. நான்கு பேர் ஆறிய டீ குடிக்கிறார்கள். நான்கு பேரும் ஒரே பதில் சொன்னார்கள். என் சீட்டில் நீங்கள் எழுதிய ஒரு வரி அவர்கள் வாயை மூடி வைத்திருக்கிறது. நீங்கள் எனக்கு ரகசியமாகக் கொடுக்கிற புதுச் சீட்டால் அது திறக்காது.

அதனால் உங்கள் சீட்டு எனக்கு வேண்டாம். பிளாஸ்டிக் பல்லும் வேண்டாம். பொக்கை வாயோடு, வேலை இல்லாமல் இதை எழுதுகிறேன். பிலோமினா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எழுதுறதுதான் எழுதுற, ஒழுங்கா எழுது" என்று விளக்கை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

இந்த இதழ் வெளியாகும் வாரத்தின் சனிக்கிழமை, காலை ஷிஃப்டு முடியும் நேரத்தில் துறைமுக வாசலில் சங்கம் மேடை போடுகிறது. நீங்கள் வர வேண்டும். வர மாட்டேன் என்றால் இதே பத்திரிகையில், அடுத்த இதழில், உங்கள் கையெழுத்தோடு எழுத வேண்டும். அந்தத் தகடுகளை எந்த உலோகத்தில் செய்தார்கள்? வாங்கும்போது அதை யார் சோதித்தது? இன்னும் யார் யார் வாயில் வைத்திருக்கிறீர்கள்? என் சீட்டில் மனக்கோளாறு என்று எழுதியது தப்பா, சரியா? தப்பு என்றால் அதை என் காதில் சொல்ல வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள்.

கோபால் முன் வரிசையில் நிற்பார். அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.